அடுக்குமாடியில் சிப்பிப்பாறை: சங்கம் வெளியேற்றச் சொன்னால்?

கேள்வி: மதுரையில் சொந்த ஃபிளாட்டில் இருக்கிறோம். மூன்று வயதுச் சிப்பிப்பாறை நாய் வளர்க்கிறோம். 'பெரிய நாய்கள் கூடாது' என்று குடியிருப்போர் சங்கம் பொதுக்குழுவில் தீர்மானம் போட்டு, 30 நாளில் அனுப்பிவிடச் சொல்கிறது. இல்லாவிட்டால் மாதம் 2,000 ரூபாய் அபராதமாம். 'ஆபத்தான இனம், எலும்பு தெரியப் பட்டினி போடுகிறீர்கள், போலீஸுக்குப் போவோம்' என்றும் கடிதத்தில் இருக்கிறது. போன மாதம் கார் நிறுத்துமிடத்தில் ஒரு பூனையைப் பார்த்ததும் நாய் கழுத்துப் பட்டையை உருவிக்கொண்டு ஓடியது. எதிரே வந்த பெரியவர் விழுந்து முழங்காலில் அடி. மருத்துவச் செலவு கேட்கிறார். அதிலிருந்து பகல் முழுக்கப் பால்கனியில்தான் கட்டி வைத்திருக்கிறேன். பேசாமல் ஊரில் அண்ணனிடம் அனுப்பிவிடட்டுமா? முயல் வேட்டைக்குக் கூட்டிப்போகிறேன் என்கிறார். (ஒரு வாசகி)

பதில்: அனுப்ப வேண்டாம். நாயை வைத்திருக்கும் விஷயத்தில் நீங்கள் பலமான இடத்தில்தான் இருக்கிறீர்கள். பலவீனம் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. அவற்றை இந்த வாரமே சரிசெய்யுங்கள்.

முதலில் தீர்மானம். எத்தனை பேர் கை தூக்கினாலும் வளர்ப்புப் பிராணிகளைச் சங்கம் தடை செய்ய முடியாது, நாயின் அளவைக் காரணம் காட்டவும் கூடாது, லிஃப்டையும் மறுக்கக் கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. சுற்றறிக்கை சட்டமாகிவிடாது என்று எதிர்த்தரப்பு வாதிடும். அதற்காகத்தான் கேரள உயர் நீதிமன்றத்தின் 2021 தீர்ப்பைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன். பிராணி வளர்ப்பதைத் தடுக்கும் சங்கத் துணைவிதிகள் (பைலா) அரசியலமைப்புக்கு விரோதமானவை, செல்லாதவை என்று அது சொல்கிறது. தமிழ்நாட்டு நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் நம் வாதத்துக்கு வலு சேர்க்கும். (நீங்கள் வாடகைக்கு இருந்திருந்தால் முதலில் ஒப்பந்தத்தைத்தான் எடுத்துப் பார்த்திருப்பேன்.)

'ஆபத்தான இனம்' என்பது 2024 மார்ச்சில் மத்திய அரசு மாநிலங்களுக்கு அனுப்பிய 23 இனங்களின் பட்டியலை மனதில் வைத்து எழுதியதாக இருக்கலாம். அந்தப் பட்டியலில் சிப்பிப்பாறையும் இல்லை, ராஜபாளையமும் இல்லை. அந்தப் பட்டியலோடு வந்த சுற்றறிக்கையையே 2024 ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

பட்டினிப் புகாரை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். போதிய உணவு, தண்ணீர், இருப்பிடம் தராமல் இருப்பது 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவின்படி குற்றம். ஆனால் சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை இனங்களுக்கு ஓடுவதற்கென்றே அமைந்த உடம்பு. வயிறு ஒட்டி, கடைசி இரண்டு மூன்று விலா எலும்பு தெரிந்தால்தான் அது ஆரோக்கியம். லாப்ரடாரைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது பட்டினியாகத் தெரியும். அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் எடை போட்டு, இந்த இனத்துக்கு உடல்நிலை சரியாக இருக்கிறது என்று சான்று வாங்குங்கள். வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றும் மாநகராட்சி உரிமமும் அதே கோப்பில் இருக்கட்டும். உரிமம் இன்னும் எடுக்கவில்லை என்றால் உடனே எடுத்துவிடுங்கள்.

இப்போது நான் உண்மையில் கவலைப்படும் இடம் பால்கனி. அதே 11-ஆவது பிரிவு, நியாயமில்லாத அளவுக்குக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நியாயமில்லாத நேரத்துக்குக் கட்டிப்போடுவதையும் குற்றம் என்கிறது. வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைக்கப்படும் நாய்க்குப் போதிய உடற்பயிற்சி தராமல் விடுவதும் குற்றம்தான். நாய் என்று பெயர் சொல்லியே அதில் எழுதியிருக்கிறது. முதல் முறைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். ஆனால் சங்கம் இதுவரை ஜோடித்துச் சொன்ன புகாரை நீங்களே உண்மையாக்கிக் கொடுத்தது போல ஆகிவிடும். அதைவிட, ஓடப் பிறந்த ஒரு பிராணி நாள் முழுக்க நாலடிச் சங்கிலியில் கிடப்பது பெரிய கொடுமை. இன்றைக்கே அவிழ்த்து வீட்டுக்குள் விடுங்கள். காலையும் மாலையும் நன்றாக நடக்கவிடுங்கள்.

அப்புறம் அந்தப் பெரியவர். இங்கே தவறு உங்கள் பக்கம்தான். இந்த நாய்களுக்குத் தலை ஒடுக்கம், கழுத்து ஏறக்குறைய அதே அகலம். சாதாரணப் பட்டையில் பின்னால் இழுத்தால் தலை சுலபமாக உருவிக்கொண்டு வந்துவிடும். இழுக்கும்போது இறுகும் மார்ட்டிங்கேல் பட்டையோ, மார்போடு சேர்த்துக் கட்டும் ஹார்னஸோ வாங்குங்கள். பூனையைக் கண்டால் பாயும் என்பது இனி உங்களுக்குத் தெரிந்த விஷயம். அடுத்த முறை யாருக்காவது அடிபட்டால் நஷ்ட ஈட்டு வழக்கில் தெரியாது என்று சொல்ல முடியாது. பிராணியால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேரக்கூடும் என்னும்போது தடுக்கத் தவறினால் பாரதிய நியாய சன்ஹிதா (புதிய தண்டனைச் சட்டம்) 291-ஆவது பிரிவும் வரலாம்: ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பெரியவரை வீட்டுக்குப் போய்ப் பாருங்கள், மன்னிப்புக் கேளுங்கள். பில் நகலை வாங்கிக்கொண்டு தொகையை வங்கி மூலம் கொடுத்து, மேற்கொண்டு கோரிக்கை இல்லை என்று எழுதி வாங்குங்கள். அவரைச் சங்கத்தின் சாட்சியாக விட்டுவிடாதீர்கள்.

அண்ணன் யோசனை வேண்டவே வேண்டாம். முயல் வேட்டை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி தடை செய்யப்பட்டது. பிடிக்க முயன்றாலே வேட்டைதான். முயல் தப்பிவிட்டது என்பது பதிலாகாது. கரிசல் காட்டில் காலங்காலமாக நடக்கிறதே என்பதையும் வனத்துறை கேட்காது. சிறைவரை போகும் விஷயம்.

சங்கத்துக்கான பதிலை 30 நாள் கெடு முடிவதற்குள் ஸ்பீட் போஸ்டில், ஒப்புகையோடு அனுப்புங்கள். துணைவிதிகளின் நகலையும், அபராதம் விதிக்க எந்த விதி அதிகாரம் தருகிறது என்பதையும் எழுத்தில் கேளுங்கள். பராமரிப்புக் கட்டணத்தைப் பாக்கி வைக்காதீர்கள், அதைச் சாக்காக்கிக்கொள்வார்கள். அதற்குப் பிறகும் தண்ணீரை நிறுத்துவது, லிஃப்டை மறுப்பது என்று இறங்கினால் உரிமையியல் நீதிமன்றத்தில் இப்படிச் செய்யக் கூடாது என்று நிரந்தர உறுத்துக்கட்டளை (injunction) கேட்டு வழக்குப் போட்டு, கூடவே இடைக்காலத் தடையும் கேட்கலாம். வழக்கறிஞரைப் பார்க்கும்போது கிரயப் பத்திரம், சங்கத்தின் கடிதம், கால்நடை மருத்துவர் சான்று, பெரியவரிடம் எழுதி வாங்கியது எல்லாவற்றையும் எடுத்துப்போங்கள்.