சந்திப்புக்கு வராத தோழி

அன்புள்ள ஐயா,

உங்கள் கல்லூரி வகுப்பின் 25-ஆம் ஆண்டுச் சந்திப்பு முடிந்த மறுவாரமே, மகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்று கேட்க அவளை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தீர்கள். யார் எந்த நிறுவனத்தில் துணைத் தலைவர், யார் சொந்தத் தொழில் தொடங்கினார், யாருடைய பிள்ளை எங்கே படிக்கிறது என்று ஒரு மணி நேரம் சொன்னீர்கள். அவ்வளவு நேரமும் மகள் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கவலை வேண்டாம் என்று அன்று சொல்லி அனுப்பினேன். அது போதாது என்று பிறகு தோன்றியது. அந்தப் பட்டியலை நம்பி அவளைக் கணினிப் பொறியியலில் சேர்ப்பது தவறு.

60 பேர் படித்த வகுப்பில் வந்தவர்கள் 22 பேர் என்றீர்கள். மற்ற 38 பேரைப் பற்றி உங்களிடம் ஏறக்குறைய செய்தியே இல்லை. வேலை இழந்தவரும், பாதியில் துறை மாறியவரும், கடனில் இருப்பவரும் இப்படியொரு மேடையில் எழுந்து தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளத் தயங்குவார்கள் அல்லவா? மேலும், நீங்கள் பட்டம் பெற்றது 1998-இல். 2000 பிறக்கும்போது கணினிகள் தேதியைத் தவறாகப் படித்துவிடும் என்ற அச்சத்தில், பழைய நிரல்களைத் திருத்த உலகெங்கும் ஆள் தேடிய காலம் அது. அதே படிப்பை மூன்று ஆண்டுகள் கழித்து முடித்தவர்கள் இணைய நிறுவனங்களின் சரிவில் வந்து மாட்டிக்கொண்டார்கள். மந்தகாலத்தில் படிப்பை முடித்தவர்களுக்கு நேரும் ஊதிய இழப்பு மறையப் பத்தாண்டுகள்வரை ஆகலாம் என்று கனடாவில் நடந்த ஆய்வொன்று காட்டியது. உங்கள் நண்பர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. படிப்பின் பெயருக்கு நீங்கள் கொடுக்கும் பெருமையில் ஒரு பங்கு அந்த ஆண்டுக்கும் சேர வேண்டும்.

பேச்சின் நடுவே, இரண்டாம் ஆண்டோடு விலகிப்போன ஒரு தோழியைப் பற்றி, "காதுக்கு மெஷின் மாட்டுகிற வேலையாம்" என்று சொல்லிச் சிரித்தீர்கள். மகள் நிமிர்ந்து பார்த்தது அப்போது மட்டும்தான். பக்கவாதத்தால் பேச்சிழந்த தாத்தா என்ன கேட்கிறார் என்பதைப் படம் வரைந்து காட்டிக் கண்டுபிடிப்பவள் அவள் என்பதைத் தனியாகப் பேசியபோது தெரிந்துகொண்டேன்.

அந்தத் தோழியின் துறை செவித்திறனும் பேச்சும் சார்ந்தது. நலமான உட்செவிக்குள் சிறு ஒலியை அனுப்பினால், அது தானும் மிக மெல்லிய ஒலியொன்றைத் திருப்பி எழுப்பும். டேவிட் கெம்ப் 1978-இல் இதை வெளியிட்டார். தூங்கும் பச்சிளங்குழந்தையின் செவியைச் சில நிமிடங்களில் சோதிக்க முடிவது இதனால்தான். பிறந்த 1 மாதத்துக்குள் சோதனை, 3 மாதத்துக்குள் குறையை உறுதிசெய்தல், 6 மாதத்துக்குள் பயிற்சியும் கருவியும் என்பது இத்துறையின் கணக்கு. அது தவறினால் குழந்தையின் மொழியும் பின்தங்கிவிடும். பெரியவர்களுக்கு 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வோர் அலைவெண்ணிலும் எவ்வளவு மெல்லிய ஒலி கேட்கிறது என்று வரைபடமாக்கி, அதற்கேற்பக் கருவியைச் சரிசெய்கிறார்கள். செவி நரம்பை மின்தூண்டலால் இயக்க உட்செவியில் வைக்கும் கருவியான காக்ளியர் இம்ப்ளான்ட்டைப் பொருத்துபவர் அறுவை மருத்துவர்தான் என்றாலும், அதன் மின்முனைகளை அளவமைத்து, கேட்கும் சத்தத்தைச் சொல்லாக அறியப் பழக்கும் மாதக்கணக்கான வேலை இவர்களுடையது. பக்கவாதத்தில் சொல்லை இழந்தவருக்கு அதை மீட்டுத் தரப் பாடுபடுவதும், விழுங்கத் திணறுபவருக்குப் பயிற்சி தருவதும் பேச்சுப் பயிற்சியாளரின் பணி. உலகில் 43 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் செவித்திறன் மறுவாழ்வு தேவைப்படுகிறது என்றும், 2050-க்குள் அது 70 கோடியைத் தாண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2021-இல் மதிப்பிட்டது. தொடக்கச் சம்பளம் உங்கள் நண்பர்களைப் போல இராது. முன்னேற்றம் மெதுவாக வரும் வேலை என்பதால் மனச்சோர்வும் உண்டு. அதையும் அவள் தெரிந்துகொண்டே முடிவெடுக்கட்டும்.

வீட்டை அடமானம் வைத்தாவது பெரிய கல்லூரியில் இடம் வாங்கிவிடலாம் என்று உங்கள் அண்ணன் சொல்கிறாராம். இதில் நான் இறங்கிவர மாட்டேன். விருப்பமில்லாத படிப்புக்காக வாங்கிய கடன், அவள் பாதியில் விட்டாலும் நிற்காது. தவணை கட்டப்போவது அண்ணன் அல்லர்.

சந்திப்பால் பயனில்லை என்று நான் சொல்லவில்லை. அறிமுகமானவர் வழியாக வேலை பெற்றவர்களைச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் விசாரித்து 1973-இல் எழுதியபோது, அவர்களில் ஏறக்குறைய 6-இல் ஒருவருக்கே அந்தத் தகவல் அடிக்கடி பார்க்கும் ஆளிடமிருந்து வந்திருந்தது. மற்றவர்களுக்கு உதவியவர்கள் எப்போதாவது பார்ப்பவர்கள். பழைய கல்லூரி நண்பர்கள் அதில் சேர்த்தி. ஆகவே அந்தத் தோழியின் எண்ணை யாரிடமாவது கேட்டு வாங்குங்கள். நோயாளிகள் சம்மதித்தால் இரண்டு நாள் தம் மருத்துவமனையில் மகளை உடன் அமரவைக்க முடியுமா, எந்தப் படிப்புக்குத் தொழில் உரிமம் கிடைக்கும், முதல் ஐந்தாண்டு எப்படி இருந்தது என்று கேளுங்கள்.

எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று தயங்குவீர்கள். அவர் கல்லூரியை விட்டபோது வகுப்பில் ஒருவரும் காரணம் கேட்கவில்லை என்று நீங்களே சொன்னீர்கள்; அதைக் கேட்டே தொடங்கலாம்.