ஸ்கீ தளர்ந்துவிட்டதா, எடை கூடிவிட்டதா?

பத்து வருடப் பழைய கிளாசிக் ஸ்கீ (பனியில் நடப்பதுபோல் கால்களை மாற்றி மாற்றி உந்திச் செல்லும் வகை) இந்தக் குளிர்காலம் சமதளத்தில் வழுக்காமல் இழுக்கிறது, விறைப்பு போய்விட்டதா என்று கேட்டிருந்தீர்கள். கண்ணாடியிழை, கார்பன் ஸ்கீ அவ்வளவு சீக்கிரம் தளராது. மர ஸ்கீதான் நடுவில் மேல்நோக்கி எழும்பி நிற்கும் வளைவைச் சுலபமாக இழக்கும். எடை கூடினாலும் அந்த வளைவு கூடுதலாக அமுங்கும், அதனால் முதலில் உங்கள் எடையைப் பாருங்கள். எனக்கு ஏழு கிலோ கூடியிருந்தது, பழியை ஸ்கீமேல் போட்டேன்!

சமமான கடினத் தரையில் இரண்டு ஸ்கீமீதும் எடையைச் சமமாகப் போட்டு நில்லுங்கள். காலுக்கு நேர் கீழே, ஸ்கீக்கும் தரைக்கும் நடுவில் ஒரு தாளைச் செருகி, இன்னொருவர் முன்னும் பின்னும் நகர்த்தட்டும். தாராளமாக ஓடினால் விறைப்பு சரி. சிக்கினால் நடுவில் பூசிய பிடிமெழுகு (உந்தும்போது பனியைப் பற்றிக்கொள்ளும் மெழுகு) எப்போதும் பனியில் உரசுகிறது, அதுதான் இழுவை. அப்புறம் ஒற்றைக் காலில் நில்லுங்கள், இப்போது தாள் சிக்க வேண்டும்; உந்தும்போது மெழுகு பனியைத் தொட வேண்டுமே.

கோடையில் இரண்டையும் நடுவில் இறுக்கிக் கட்டி வைக்காதீர்கள்.