ஆலங்குளம் போய்வர எத்தனை லிட்டர்?

கேள்வி: பாளையங்கோட்டையிலிருந்து ஆலங்குளத்தில் உள்ள பள்ளிக்குத் தினமும் காரில் போகிறேன். போகவர 70 கிலோமீட்டர். ஏழு வருடப் பழைய பெட்ரோல் வண்டி. திரையில் லிட்டருக்கு 17 கிலோமீட்டர் காட்டுகிறது. செலவைப் பார்த்தால் அவ்வளவு வருவதாகத் தெரியவில்லை. உண்மையான மைலேஜை எப்படித் தெரிந்துகொள்வது? எப்படிக் கூட்டுவது?

பதில்: முதலில் திரையை மறந்துவிடுங்கள், அது பெரும்பாலும் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். ஒரே பங்க், முடிந்தால் ஒரே பம்ப். குழாய் தானாக ‘டக்’ என்று நிற்கும்வரை நிரப்பி, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். ஆறு நாள் கழித்து அங்கேயே அதே மாதிரி நிரப்புங்கள். 420 கிலோமீட்டருக்கு 28 லிட்டர் பிடித்தால் மைலேஜ் 15. ‘டக்’ என்று நின்றபிறகு ரவுண்டாக இருக்கட்டும் என்று மேலே அடிக்க விடாதீர்கள். கணக்கும் கெடும், பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கரி டப்பாவும் கெடும். நாலு தடவை எழுதி, மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுங்கள். அதுவரை இப்போது ஓட்டுகிற மாதிரியே ஓட்டுங்கள்.

அப்புறம் கவனிக்க வேண்டியது பிரேக்கை. பெட்ரோல் எரித்துச் சேர்த்த வேகத்தைத்தான் பிரேக் சூடாக்கி வீணடிக்கிறது. திருநெல்வேலி ஈரடுக்கு மேம்பாலத்தின் இறக்கத்தில் பலர் நியூட்ரலுக்குத் தள்ளிவிடுகிறார்கள். மிச்சம் என்று நினைப்பு. நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். நியூட்ரலில் இன்ஜின் ஓட பெட்ரோல் வேண்டும். கியரிலேயே விட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், உங்கள் மாதிரி இன்ஜெக்டர் வண்டியில் பெட்ரோல் வருவதே நின்றுவிடும். வண்டி உருளும் வேகமே இன்ஜினைச் சுற்றும். வண்டியும் கட்டுப்பாட்டில் இருக்கும். வண்ணார்பேட்டை சிக்னல் தூரத்தில் சிவப்பாகத் தெரிந்தால் அப்போதே காலை எடுங்கள், கிட்டே போய் மிதிக்க வேண்டாம்.

பழைய பேட்டை தாண்டி ஊருக்கு வெளியே வந்தால் வேகம்தான் விஷயம். காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும். 80-லிருந்து 100-க்குப் போனால் தடை ஒன்றரை மடங்குக்கும் மேல். 25 கிலோமீட்டரில் அதனால் மிச்சமாவது நாலு நிமிஷம்கூட இல்லை. ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று காலையில் நேராக முகத்தில் அடிக்கும். சாயங்காலம் முதுகில் தள்ளினாலும் ஈடாகாது. எதிர்காற்றில் இழப்பதுதான் அதிகம். அந்த மாதம் மைலேஜ் இறங்கினால் வண்டியைச் சந்தேகப்பட வேண்டாம்.

இன்னொன்று, இ20 பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். அதன் எரிசக்தி பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழைய கணக்கைவிட ஒரு கிலோமீட்டர் வரை குறைவது அதனாலும் இருக்கலாம்.

டயருக்குக் காலையில், வண்டி ஓடிச் சூடேறும் முன் காற்றுப் பாருங்கள். மத்தியான வெயிலில் ஓடி வந்த டயர் அளவைக் கூட்டிக் காட்டும். அதை நம்பி அப்படியே விட்டுவிட்டால் மறுநாள் காலையில் காற்றுக் குறைவாக இருக்கும். சரியான அளவு டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும்.