தலைசுற்றல் நின்ற பிறகும் தள்ளாட்டம் போகவில்லையா?

கேள்வி: என் அம்மாவுக்கு 54 வயது. காசிமேட்டில் மீன் எடுத்து வந்து தெருவில் விற்பவர். இரண்டு மாதம் முன்பு திடீரென்று தலை சுற்றி, நாள் முழுக்க வாந்தி. உள்காது நரம்பில் அழற்சி என்றார் டாக்டர். ஸ்கேனில் கோளாறில்லை, காதும் நன்றாகக் கேட்கிறது. சுற்றல் நின்றுவிட்டது, ஆனால் நடந்தால் ஒரு பக்கமாக இழுக்கிறது என்கிறார், கூட்டத்துக்குள் போகப் பயப்படுகிறார். மாத்திரையை இன்னும் விடவில்லை. ஓய்வெடுக்கட்டும் என்று வீட்டிலேயே வைத்திருக்கிறோம். சரிதானா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: பாசத்தில் செய்கிறீர்கள், புரிகிறது. ஆனால் அம்மா படுத்தே இருந்தால் குணமாவது தள்ளித்தான் போகும்.

நாம் தடுமாறாமல் நிற்க உள்காது, கண், பாதம் மூன்றும் மூளைக்குத் தகவல் அனுப்புகின்றன. ஒரு காதின் நரம்பு பழுதானால் இரண்டு காதும் சொல்வது ஒத்துப்போகாது. முதல் சில நாள் எல்லாம் சுற்றுவது அதனால்தான். நரம்பு முழுதாகத் தேறாவிட்டாலும் மூளை இந்த வித்தியாசத்துக்குப் பழகிக்கொள்ளும். ஆனால் தலையும் கண்ணும் அசைந்தால்தான் பழகும். தலைசுற்றலை அடக்கும் சின்னாரிசின், புரோகுளோர்பெரசின் போன்ற மாத்திரைகள் முதல் சில நாளுக்கானவை. மாதக்கணக்கில் போட்டால் இந்தப் பழக்கத்தையே தாமதப்படுத்தும். எதை நிறுத்தலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள். பிரஷர், சுகர் மாத்திரையில் கை வைக்காதீர்கள்.

நடந்துகொண்டே தூரத்தில் வரும் பஸ்ஸின் நம்பரைப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். எழுத்து குதிக்கிறது என்றால், தலை ஆடும்போது பார்வையை நிலைநிறுத்தும் வேலையில்தான் குறை. அதற்குப் பயிற்சி இருக்கிறது. சுவரில் கண் உயரத்தில் ஒரு பெரிய எழுத்தை ஒட்டுங்கள். கை நீட்டினால் எட்டும் தூரத்தில் நாற்காலி போட்டு அம்மாவை உட்கார வையுங்கள். எழுத்திலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை இடம் வலமாக ஒரு நிமிடம், பிறகு மேலும் கீழுமாக ஒரு நிமிடம் ஆட்ட வேண்டும். எழுத்து கலங்கத் தொடங்கும் வேகம்தான் எல்லை. தினமும் மூன்று வேளை. உட்கார்ந்து பழகியதும் நின்று, பிறகு நடந்து. லேசாகக் கிறுகிறுக்கும், கால் மணி நேரத்தில் அடங்கினால் பயப்பட வேண்டாம், அந்தக் கிறுகிறுப்புதான் மூளைக்குப் பாடம். கழுத்து எலும்புத் தேய்மானம் இருந்தால் மட்டும் பிசியோதெரபிஸ்ட் பார்த்த பிறகே ஆரம்பியுங்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தானே.

இது புதிய வைத்தியமல்ல. 1940களில் இங்கிலாந்தில் கௌதோர்ன், குக்ஸி என்ற இரு மருத்துவர்கள் வகுத்த பயிற்சிகளிலிருந்து வளர்ந்தது.

ஒன்றைக் கவனியுங்கள். படுக்கையில் புரளும்போது மட்டும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கும் சுற்றல் வந்தால் அது வேறு பிரச்சினை. உள்காதில் இருக்கும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறியிருக்கும். எப்லி என்ற முறையில் டாக்டர் தலையைத் திருப்பிச் சரிசெய்வார். பெரும்பாலும் ஓரிரு முறையிலேயே நிற்கும். பேச்சு குழறல், இரட்டைப் பார்வை, ஒரு பக்கக் கை கால் பலவீனம், நிற்கவே முடியாத தள்ளாட்டம் இவற்றோடு சுற்றல் வந்தால் பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108ஐ அழையுங்கள்.

இனி வேலை. விடியற்காலையில் ஏலக் கூடத்தில் வெளிச்சம் குறைவு, ஐஸ் தண்ணீரில் தரை வழுக்கும், நாலா பக்கமும் ஆள் நகரும். உள்காது தளர்ந்தவருக்குத் துணையாக இருக்கும் கண்ணையும் பாதத்தையும் அந்த இடம் ஒருசேரக் கெடுத்துவிடும். அம்மாவின் பயம் வீண் பயமல்ல, அதைச் சொல்லித் திட்டாதீர்கள். முதலில் தெருவில், வெயில் தாழ்ந்த பிறகு, நீங்கள் பக்கத்தில் நடங்கள். பிறகு கூட்டம் கலைந்த நேரத்தில் மார்க்கெட். தேய்ந்த ரப்பர் செருப்பு வேண்டாம், குதிகாலில் வார் உள்ளது போடட்டும். சர்க்கரை நோயால் பாதம் மரத்திருந்தால் தேறக் கூடுதல் காலம் பிடிக்கும். இருபுறமும் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே தெருமுனை வரை நேராக நடக்க வந்த பிறகு கூடையைத் தூக்கலாம், அதுவும் முதலில் பாதி எடையில்.