வண்டி கிளம்பிய இடத்தில் எழுந்து போனவள்

கேள்வி: எனக்கு வயது 24. கோவையில் ஒரு கால் சென்டரில் இரவு ஷிஃப்ட் வேலை. அப்பா இல்லை, அம்மா ஊரில் இருக்கிறார். பிளஸ் டூ படிக்கும் தங்கை என்னோடு இருக்கிறாள். முன்பு இருவரும் அத்தை வீட்டில்தான் தங்கியிருந்தோம். அத்தை தன் பையனுக்கு 2 முட்டை வைத்தால் என் தங்கைக்கு 1தான் வைப்பார். நான் பகலில் தூங்குவதையும் குத்திக் காட்டுவார். 8 மாதங்களுக்கு முன் ஒருநாள் பேச்சு முற்றிவிட்டது. தனி வீடு பார்த்து வந்துவிட்டோம். நான் எழுத வந்தது அதைப் பற்றி அல்ல. அதற்கப்புறம் சோகமான அனிமேக்களாக (ஜப்பானிய கார்ட்டூன் படங்கள், தொடர்கள்) தேடித் தேடிப் பார்க்கிறேன். எவாஞ்செலியன், கிளானட் ஆஃப்டர் ஸ்டோரி, வெல்கம் டு த என்எச்கே, யுவர் லை இன் ஏப்ரல் எல்லாம் முடித்துவிட்டேன். போன மாதம் க்ரேவ் ஆஃப் த ஃபயர்ஃப்ளைஸ் படத்தை 3 முறை பார்த்தேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அதில் வரும் அத்தையைப் போல ஒரு கொடுமைக்காரியை நான் பார்த்ததே இல்லை. தங்கையையும் உட்கார வைத்துப் போட்டுக் காட்டினேன். அண்ணனும் தங்கையும் வண்டியில் சாமானை ஏற்றிக்கொண்டு கிளம்பும் இடத்திலேயே, தூக்கம் வருகிறது என்று எழுந்து போய்விட்டாள். அவளுக்கு இதிலெல்லாம் ரசனை கிடையாது. எனக்கு மனச்சோர்வா? இப்படிப் பார்ப்பது தவறா? அடுத்து எதைப் பார்க்கலாம்?
– பெயர் வேண்டாம், கோவை.

பதில்:

தம்பி, சோகக் கதை பார்த்து அழுகிறேன் என்று எழுதுகிறவர்கள் எனக்குப் புதிதில்லை. முன்பு சீரியல் பார்த்து அழுதவர்கள் எழுதினார்கள், இப்போது அனிமே பார்த்து அழுகிறவர்கள் எழுதுகிறார்கள். உனக்கு மென்மையான மனசு, அழுதால் பாரம் இறங்கும் என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்திருப்பாய். சொல்ல மாட்டேன். திரையைப் பார்த்து அழுவதற்குப் பெரிய மனசு தேவையில்லை. தலையணை ஒன்று போதும்.

உன் கடிதத்தில் எனக்கு உறுத்திக்கொண்டே இருப்பது ஒரே வரிதான். உன் தங்கை எழுந்து போன இடம்.

அந்தப் படத்தில் எழுந்து போக வேறு எத்தனையோ இடங்கள் உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானின் கோபே நகரத்தின் மேல் தீக்குண்டுகள் விழுந்து, அம்மா உடம்பு முழுக்கக் கட்டுப் போட்டுக் கிடக்கும் காட்சி இருக்கிறது. 4 வயதுக் குழந்தை செத்சுகோ, பசி மயக்கத்தில் மிட்டாய் என்று நினைத்துக் கோலிக்குண்டைச் சப்பும் காட்சி இருக்கிறது. மண்ணை உருண்டை பிடித்து, சோறு என்று அண்ணனிடம் நீட்டும் காட்சி இருக்கிறது. என் அக்கா மகள் வற்புறுத்தி எனக்கு இந்தப் படத்தைக் காட்டினாள். அந்த மண் உருண்டையில் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன், வேலை இருப்பதுபோல.

மிட்டாயும் மண் உருண்டையும் பின்னால் வருபவை, உன் தங்கை அது வரை வரவே இல்லை. அம்மா சாவதை அசையாமல் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். அவள் எழுந்தது, படத்திலேயே சந்தோஷமான இடத்தில். அத்தை வீட்டை விட்டுக் கிளம்புகிறார்கள். கைவண்டியில் சட்டி பானை, படுக்கை. குழந்தைக்குத் தாங்க முடியாத குஷி. குளக்கரையில் இருக்கும் பதுங்கு குழிதான் இனி வீடு. ராத்திரி கொசுவலைக்குள் மின்மினிகளைப் பிடித்து விடுகிறான் அண்ணன். முதல் தடவை பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் அங்கே மனசு நிறைந்துவிடும். அப்பாடா, தப்பித்தார்கள் என்று தோன்றும்.

அந்த இடத்தில் ஒரு பெண்ணுக்குத் தூக்கம் வருகிறதாம். நீயும் நம்பிவிட்டாய்.

8 மாதத்துக்கு முன் அவளும் இப்படி ஒரு வண்டிக்குப் பக்கத்தில் நின்றவள்தானே? குட்டியானை பிடித்திருப்பாய். பாத்திரப் பை, பாய், அவளுடைய புத்தக மூட்டை எல்லாம் ஏற்றியிருப்பாய். வாசலில் அத்தை நின்றிருப்பார், இல்லை கதவைச் சாத்தியிருப்பார். செத்சுகோ குழந்தை, அதனால் கைதட்டினாள். உன் தங்கைக்கு அப்போது வயது 16 இருக்கும். அந்த வண்டி எங்கே போகிறது என்பது அவளுக்குத் தெரியும். அவளிடம் கேட்டாயா? "வந்துவிட்டோம்" என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பன்மையில் அவளும் உண்டா, அல்லது சாமான்களோடு அவளையும் ஏற்றினாயா?

இப்போது நீ கொடுமைக்காரி என்று சொல்கிற, படத்தில் வரும் அந்த அத்தைக்கு வருவோம். அவளுக்கு வக்காலத்து வாங்க எனக்கு ஆசை இல்லை. நாக்கில் விஷம் வைத்திருப்பவள். செத்துப்போனவளின் கிமோனோக்களை அரிசிக்கு மாற்றி, அந்த அரிசியிலும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறாள். வேலைக்குப் போகும் மகளுக்கும் வீட்டில் தங்கியிருப்பவனுக்கும் கெட்டியான சோறு, இந்தப் பிள்ளைகளுக்குத் தண்ணிக் கஞ்சி. சரி. ஆனால் அண்ணன்காரன் செய்தா என்ன செய்துகொண்டிருக்கிறான்? 14 வயது, நல்ல உடம்பு. ஊரே போர் வேலைக்கு ஓடுகிறது. இவன் பகலெல்லாம் பாயில் புரண்டுகொண்டு படிக்கிறான், தங்கையோடு விளையாடுகிறான். அம்மா வங்கியில் விட்டுப்போன 7000 யென் இருக்கிற தைரியம். ரேஷனில் மட்டுமே சோறு கிடைக்கிற காலத்தில், அக்கம்பக்கத்தோடு ஒட்டி இருந்தால்தான் பங்கு வரும் என்ற நிலையில், வங்கியில் இருக்கும் பணத்தை வைத்து எதை வாங்குவது?

அது அவனுக்குத் தெரியாமலும் இல்லை. ஒரு விவசாயி வாய்விட்டே சொல்கிறார்: போய் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அந்த வீட்டிலேயே இரு என்று. 3 முறை பார்த்தாயே, இந்த இடம் உன் கண்ணில் பட்டதா? நான் பந்தயம் கட்டுவேன், படவில்லை. குனிந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் குழந்தைக்குத் தண்ணிக் கஞ்சியாவது நிச்சயம். அவன் போகவில்லை. அப்புறம் திருடுகிறான், அடி வாங்குகிறான், மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். மருத்துவர் சத்தான ஆகாரம் கொடு என்று சொல்லி அனுப்புகிறார்.

இது என் கிழட்டுப் பிடிவாதம் என்று நினைக்காதே. படத்தை எடுத்த இசாவோ தகஹாதா, இது போர் எதிர்ப்புப் படம் இல்லை என்று பல முறை சொன்னவர். சமூகத்தோடு ஒட்டாமல் தங்கையும் தானுமாக ஒரு தனி உலகம் கட்டப் பார்க்கும் செய்தாவிடம், 1980களின் இளைஞர்களைப் பார்த்தவர் அவர். குண்டுவீச்சு தெரியாத ஆளும் இல்லை. 1945 ஜூன் 29 அன்று ஒகயாமா நகரம் எரிந்தபோது 9 வயதுப் பையனாக, ராத்திரி உடுப்போடு, வெறுங்காலில், தன் அக்காவோடு ஓடி உயிர் பிழைத்தவர். 1988இல் இந்தப் படம் வந்தது.

கதையை எழுதிய அகியுகி நொசாகாவைப் பற்றியும் உனக்குத் தெரிய வேண்டும். 1945இல் அவருக்கும் 14 வயது. கோபே குண்டுவீச்சில் வளர்ப்புத் தந்தையை இழந்தார். கைக்குழந்தையான தங்கையோடு ஃபுகுய் பக்கம் போய்ச் சேர்ந்தார். அந்தக் குழந்தை அங்கே பட்டினியில் இறந்தது. தான் செய்தா அளவுக்கு நல்ல அண்ணனாக இருக்கவில்லை, அவளுக்கு வைத்திருந்ததைத் தானே தின்றேன் என்று பின்னால் அவரே ஒப்புக்கொண்டார். 22 வருடம் கழித்து, 1967இல் இந்தக் கதையை எழுதினார். அதற்கு ஜப்பானின் பெரிய இலக்கிய விருதான நவோகி பரிசு கிடைத்தது. கதையில் தங்கைக்குப் பின்னாலேயே அண்ணனும் சன்னோமியா ரயில் நிலையத்தில் செத்துப்போகிறான். எழுதியவர் 85 வயது வரை இருந்து, 2015இல்தான் போனார். 70 வருடம், தம்பி. நீ இரண்டு நாள் சோறு இறங்கவில்லை என்கிறாய்.

உன் வீட்டுக்கு வருகிறேன். 2 முட்டை, 1 முட்டை என்று கணக்கு வைத்திருக்கிறாயே, இந்த 8 மாதத்தில் உன் தங்கைக்கு நீ எத்தனை முட்டை அவித்துக் கொடுத்தாய்? விடிகாலையில் ஷிஃப்ட் முடிந்து வந்து படுத்துவிடுவாய். அவள் பள்ளிக்கூடத்துக்கு என்ன கட்டிக்கொண்டு போகிறாள்? அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. நீ வேலைக்குக் கிளம்பிய பிறகு, ராத்திரி முழுக்க அந்த வாடகை வீட்டில் அவளோடு யார் இருக்கிறார்கள்? கடிதம் முழுக்கத் தேடினேன். எழுதவில்லை. எவாஞ்செலியன் பற்றி எழுதியிருக்கிறாய், இதை எழுதவில்லை. அத்தை வீட்டில் ஒரு முட்டைதான் குறைந்தது. உன் வீட்டில் ராத்திரியில் ஒரு ஆளே குறைகிறது. கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, வாசலில் காலடிச் சத்தம் கேட்டால் எழுந்து உட்காரும் பெண்ணுக்கு, உன் படம் பார்த்து எதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது?

எல்லா வீட்டிலும் பல்லைக் கடித்துக்கொண்டு கிட என்று சொல்கிறவள் நான் இல்லை. பெண்பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பு என்று இதே பக்கத்தில் எழுதியிருக்கிறேன். உன் தங்கைக்கு அங்கே அப்படி ஏதாவது நடந்திருந்தால், மேலே நான் எழுதியதை எல்லாம் கிழித்துப் போடு. ஆனால் நீ எழுதியிருப்பது ஒரு முட்டையும், பகல் தூக்கத்தைப் பற்றிய ஒரு குத்தல் பேச்சும்தான். அது உன் ரோஷம். தங்கை பெயரில் நீ வளர்க்கிற ரோஷம். அப்பா இல்லாத வீட்டில் மூத்தவனுக்கு ரோஷம் இருக்கலாம், ஆனால் அதற்கு வாடகையைத் தங்கை கட்டக் கூடாது.

மற்ற படங்களைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. கிளானட்டில் எங்கே அழுதாய் என்று நீ சொல்லவில்லை. கதாநாயகனின் மனைவி நாகிசா சாகும்போது என்று வைத்துக்கொள்கிறேன், எல்லாரும் அங்கேதான் அழுகிறார்கள். எனக்கு அந்தத் தொடரின் உயிர் அதற்கப்புறம் இருக்கிறது. துக்கம் துக்கம் என்று 5 வருடம் சொந்த மகளை மாமனார் வீட்டில் விட்டுவிட்டுத் தன் பாட்டுக்கு வாழ்ந்தவனிடம் அவன் பாட்டி வந்து, உன் அப்பனும் உன்னைத் தனியாளாகத்தான் வளர்த்தான் என்று சொல்கிற இடம். அவன் போய் அப்பனைப் பார்க்கிறான். என்எச்கேவில் அறைக்குள்ளேயே கிடக்கும் சதோ, வீட்டிலிருந்து வரும் பணம் நின்று, வயிறு காய்ந்ததும் கதவைத் திறந்துகொண்டு வேலைக்குப் போகிறான். தத்துவம் ஒன்றும் அவனைக் கிளப்பவில்லை, பசி கிளப்பியது. எவாஞ்செலியனை இயக்கிய ஹிதேயாகி அன்னோ, தானே சில வருடம் மனச்சோர்வில் கிடந்து எழுந்து அதைச் செய்தவர். எழுந்து, வேலை செய்தார் என்பதைக் கவனி.

உனக்கு மனச்சோர்வா என்பதைக் கடிதத்தைப் படித்துச் சொல்ல நான் மருத்துவர் இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் சோறும் தூக்கமும் கெட்டால், எதிலும் பிடிப்பில்லாமல் போனால், அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போ. 14416 என்ற இலவச எண்ணும் இருக்கிறது. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் அதைக் காரணம் காட்டி நான் கேட்டதிலிருந்து நழுவாதே.

அடுத்து எதைப் பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறாய். இன் திஸ் கார்னர் ஆஃப் த வேர்ல்ட், 2016. அதே போர், ஹிரோஷிமாவுக்குப் பக்கத்தில் குரே துறைமுகம். சுசு என்ற பெண் கல்யாணமாகி வந்த வீட்டில் ஒரு நாத்தனார் இருக்கிறாள், உன் அத்தையெல்லாம் அவளிடம் பாடம் கேட்க வேண்டும். அரிசி போதாமல், வறுத்து ஊறவைத்து உப்பவைத்துப் பொங்கிப் போடுகிறாள் சுசு. ருசி சகிக்காது, எல்லாரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒன்றாக உட்கார்ந்து தின்கிறார்கள். அந்த வீட்டில் சாவும் விழுகிறது, பழியும் விழுகிறது, நாத்தனார் வந்து மன்னிப்பும் கேட்கிறாள். கடைசியில் அணுகுண்டில் தாயை இழந்த ஒரு குழந்தை சுசுவைப் பிடித்துக்கொள்கிறது. வீட்டுக்குக் கூட்டிவருகிறார்கள். யார் இவள் என்று யாரும் சண்டை போடவில்லை. இதை உடனே தங்கைக்குப் போட்டுக் காட்டிப் பாடம் நடத்தாதே. அவள் கேட்டால் பார்க்கட்டும்.

முதலில் ஷிஃப்டை மாற்ற முடியுமா என்று ஆபீஸில் கேள். முடியாவிட்டால், பரீட்சை முடியும் வரை ஊரிலிருந்து அம்மா வந்து இருக்க முடியுமா என்று கேள். அதற்கும் முன்னால் தங்கையிடம் ஒரு கேள்வி: "அத்தை வீட்டுக்குப் போய் வரலாமா?" என்று மட்டும். மறுபடி அங்கே குடியேறுவது பற்றிப் பேசாதே, அதை அவள் சொல்லட்டும். பதில் வர இரண்டு நாள் ஆகலாம். பொறு. சரி என்றால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இருவரும் போங்கள். வாசலிலேயே நின்று, அன்றைக்குப் பேசியது தப்பு அத்தை என்று சொல்லிவிடு. உள்ளே போய் உட்கார்ந்து சொல்லலாம் என்று வைத்துக்கொண்டால் டீ குடித்துவிட்டுச் சொல்லாமலே திரும்பி வந்துவிடுவாய். அவர் முகம் கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை, அடுத்த வாரமும் ஞாயிற்றுக்கிழமை வரும்.

வெறுங்கையோடு போகாதே. முட்டை வாங்கிக்கொண்டு போகிற வேலையும் வேண்டாம், அது குத்தலாகிவிடும். ஒரு சீப்பு வாழைப்பழம், பிள்ளைக்கு ஏதாவது தின்பண்டம். தின்பண்டம் எதை வாங்கலாம் என்பது உன் தங்கைக்குத் தெரியும், அவளையே கேள்.