குப்ரஸ் தீர்ந்தால் குப்ரிக் எடுக்கலாமா?

கேள்வி: பள்ளி ஆய்வகத்தில் உதவியாளராக இருக்கிறேன். அலமாரியில் குப்ரஸ் ஆக்சைடு, குப்ரிக் ஆக்சைடு என்று இரண்டு பாட்டில்கள் உள்ளன. ஒன்று தீர்ந்தால் மற்றதைக் கொடுக்கலாமா? காப்பருக்கு எங்கிருந்து வந்தது இந்தப் பெயர்?

பதில்: கொடுக்காதீர்கள். இரண்டும் வேறு வேறு பொருள்கள். மூடியைத் திறந்தாலே தெரியும்: குப்ரஸ் சிவப்பு, குப்ரிக் கறுப்பு. கறுப்புத் தூள் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைந்து நீலப்பச்சையாகும். வகுப்பில் பிள்ளைகள் பார்க்க வேண்டியது அதைத்தான். சிவப்பைப் போட்டால் வெள்ளையாக அடியில் படியும். தான்தான் தவறு செய்துவிட்டோம் என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும்.

சரி, பெயருக்கு வருவோம். ரோமானியர்கள் செம்பையும் வெண்கலத்தையும் 'ஏஸ்' என்ற ஒரே சொல்லால் அழைத்தார்கள். (நம் சித்த மருத்துவத்தின் அயச் செந்தூரத்தில் உள்ள 'அயம்', வடமொழி 'அயஸ்' வழியாக இந்த ஏஸுக்குத் தூரத்து உறவு. இங்கே அது இரும்பைக் குறிக்கிறது.) வாங்குகிறவனுக்கு எந்த உலோகம் என்று தெரிய வேண்டுமே? சுரங்கங்களுக்குப் பேர்போன சைப்ரஸ் தீவின் செம்பை 'ஏஸ் சைப்ரியம்', அதாவது 'சைப்ரஸ் உலோகம்' என்றார்கள். நாளடைவில் ஏஸ் உதிர்ந்துபோய், சைப்ரியம் என்ற பெயரடை மட்டும் தனியே நின்று 'குப்ரம்' என்ற பெயர்ச்சொல்லானது. ஆங்கிலக் காப்பரும் ஜெர்மன் குப்ஃபரும் அதன் வாரிசுகள். நாமும் இதே வேலையைச் செய்திருக்கிறோம்: செம்மை நிறத்திலிருந்து செம்பு. அவர்களுக்கு ஊர், நமக்கு நிறம். எனக்கு நம்முடையதே பிடிக்கும். உலோகத்தைப் பார்த்தவுடன் பெயர் விளங்குகிறது.

1813-14இல் ஸ்வீடன் வேதியியலாளர் பெர்சீலியஸ் தனிமங்களுக்கு லத்தீன் பெயர்களிலிருந்து குறியீடு அமைத்தபோது, குப்ரத்தின் (Cuprum) முதல் இரண்டு எழுத்துகளான Cu-வை எடுத்தார். முதல் எழுத்தான C மட்டும் என்றால் கார்பனோடு மோதும்.

அப்புறம் வேதியியலாளர்கள் குப்ரத்திலிருந்து மறுபடி இரண்டு பெயரடைகளை உண்டாக்கினார்கள். 'அஸ்' என்று முடிந்தால் குறைந்த இணைதிறன் (மற்ற அணுக்களோடு சேரும் திறனைக் காட்டும் எண்), 'இக்' என்று முடிந்தால் கூடுதல். குப்ரஸில் 1, குப்ரிக்கில் 2. ஆனால் எண்ணை மனப்பாடம் செய்யாதீர்கள்: ஃபெரஸ் இரும்பில் அது 2, ஃபெரிக்கில் 3.

புதிய பாட்டில்களில் காப்பருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இந்த இணைதிறன் ரோமன் எண்ணில், (I) அல்லது (II) என்று இருக்கும். பழைய பாட்டில்களின் லேபிளிலும் அந்த எண்ணை மார்க்கரில் எழுதி ஒட்டிவிடுங்கள்.