சந்தையில் வாங்கிய புதுக் காய்கறிகளை வைத்து வீட்டில் எளிமையாகச் சமைப்பது எப்படி?

உழவர் சந்தையில் ஆசை ஆசையாகப் பை நிறைய வாங்கி வருகிறேன், வாரக் கடைசியில் பாதி வாடிக் குப்பைக்குப் போகிறது, எளிமையாகச் சமைத்துத் தீர்க்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். பல வருடம் என் வீட்டிலும் இதேதான் நடந்தது. என்ன சமைப்பது என்று முடிவு செய்து, சீட்டு எழுதிக்கொண்டு போவேன். சீட்டில் இருக்கும் காய் அன்றைக்குச் சுமாராக இருக்கும். பளபளவென்று இருப்பது சீட்டில் இருக்காது. இரண்டையும் வாங்கிவிடுவேன்.

இப்போது காயைப் பார்த்து வாங்கிய பிறகுதான் சமையலை யோசிக்கிறேன். எது முதலில் கெடுமோ அது முதலில் அடுப்பில் ஏறும். சோளக்கதிரும் பச்சைப் பட்டாணியும் அன்றைக்கே. பறித்த நேரத்திலிருந்தே அவற்றின் இனிப்பு மாவுச்சத்தாக மாறத் தொடங்கிவிடும், ஒரு நாள் தள்ளினாலும் நாக்குக்குத் தெரியும். கீரை அன்றோ மறுநாளோ. பீன்ஸ், தக்காளி, கத்தரிக்காய் நடுவில். கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் கடைசிவரை தாங்கும்.

பையை இறக்கியதும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பாதிக் காய் பிழைப்பது இந்தப் பத்து நிமிடத்தில்தான். ஒருமுறை கேரட்டை இலையோடு அப்படியே ஃபிரிட்ஜில் வைத்தேன். மூன்றாம் நாள் எடுத்தால் ரப்பர் மாதிரி வளைகிறது. பறித்த பிறகும் இலை கிழங்கிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் கேரட், பீட்ரூட், முள்ளங்கி எல்லாவற்றுக்கும் வந்த உடனே இலையை வெட்டிவிடுகிறேன். “இலையத் தூக்கிப் போட்டுடாதம்மா, இன்னிக்கு ராத்திரியே பூண்டு தட்டிப் போட்டு வதக்கிடு” என்று பீட்ரூட் விற்ற ஒரு பாட்டி சொன்னார். அன்றிலிருந்து சந்தைக்குப் போன நாள் ராத்திரி என் வீட்டில் பெரும்பாலும் அதுதான்.

மல்லித்தழை, புதினாவைக் காம்பு நனைகிற மாதிரி தண்ணீர் டம்ளரில் நிறுத்தி வைக்கலாம். உருளைக்கிழங்கு இருட்டில், வெங்காயத்தை விட்டுத் தள்ளி. கீரை துவண்டிருந்தால் பயப்படாதீர்கள். தண்ணீர் வற்றியதால் துவள்வதுதான், குளிர்ந்த நீரில் அரை மணி நேரம் போட்டால் நிமிர்ந்துவிடும். மஞ்சளாகிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. தக்காளியைத் தயவுசெய்து வெளியிலேயே வையுங்கள். சுமார் 12 டிகிரிக்குக் கீழே போனால் அதன் வாசனை மங்கிவிடும்.

சரி, சமையல். புதுக் காய்க்கு மசாலா அவ்வளவாகத் தேவையில்லை, நேரமும் தேவையில்லை. பீன்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். அகலமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீர், தாராளமாக உப்பு. தளதளவென்று கொதிக்கும்போது போடுங்கள், மூட வேண்டாம். காயிலிருந்து வரும் புளிப்பு ஆவியோடு வெளியே போக வேண்டும். மூடினால் அது திரும்ப உள்ளேயே விழுந்து பச்சை நிறத்தைப் பழுப்பாக்கும். முதல் நிமிடத்தில் நிறம் பளிச்சென்று ஏறும். நாலு நிமிடம் ஆனதும் ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள். பல்லுக்குக் கொஞ்சம் எதிர்ப்பு இருக்கணும், ஆனால் பச்சை வாடை இருக்கக் கூடாது. அப்போதே வடித்து, சூடான எண்ணெயில் நசுக்கிய பூண்டு சிவக்கத் தொடங்கியதும் கொட்டி ஒரு புரட்டு, அவ்வளவுதான். எலுமிச்சை பிழிவதாக இருந்தால் தட்டில் வைத்த பிறகு. முன்னாலேயே பிழிந்தால் அந்தப் புளிப்பும் நிறத்தைக் கெடுத்துவிடும்.

தக்காளிக்கு அடுப்பே வேண்டாம். நன்றாகப் பழுத்ததைத் துண்டு போட்டு, உப்புத் தூவிப் பதினைந்து நிமிடம் விடுங்கள். கிண்ணத்தின் அடியில் சாறு தேங்கும். விதையைச் சுற்றி இருக்கும் அந்த வழுவழுப்பைச் சிலர் வழித்து எறிகிறார்கள். எனக்கு அதைப் பார்த்தால் மனசு கேட்காது, சதையைவிட ருசி அதிகம் அங்கேதான். கொஞ்சம் எண்ணெயும் மிளகும் சேர்த்து, சூடான சோறோ பாஸ்தாவோ ரொட்டியோ எது இருக்கிறதோ அதோடு அந்தச் சாற்றையும் சேர்த்துப் பிசைந்து சாப்பிடுங்கள்.

வாரக் கடைசியில் மிஞ்சும் கேரட், கோஸ், உருளைக்கிழங்குக்கு எப்போதும் சூப்தான். வெங்காயத்தை மட்டும் அவசரப்படாமல், சின்னத் தீயில் பொன்னிறமாக வதக்குங்கள். அப்புறம் எல்லாவற்றையும் போட்டுத் தண்ணீர் ஊற்றி வேகவிட்டால் போதும்.

வாங்கும் அளவையும் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். இரண்டு பேருக்கு என்றால் ஒரு கீரை, இரண்டு காய், ஒரு கிழங்கு போதும், புதிதாக ஏதாவது கண்ணில் பட்டால் ஒரே ஒரு கைப்பிடி. உங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று எழுதினால் அதற்குத் தகுந்த மாதிரி சொல்கிறேன்.